வகுப்பில் கடலைச் சொல்லித்தர அட்லாண்டிக்கா, பசிபிக்கா?

பூமியின் அமைப்பும் சுழற்சியும் கடலை எப்படி ஆட்டிவைக்கின்றன என்று விளக்க எந்தக் கடலை எடுக்கலாம் என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பதுண்டு.

கடலடித் தரை
அட்லாண்டிக்: நடுவில் வடக்கு தெற்காக நீளும் மலைத்தொடர். அங்கே தரை விலகி, ஆண்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. கடல் அகலமாகிறது. நகம் வளரும் வேகம்தான்.
பசிபிக்: ஓரங்களில் பூமியின் மேலோடான பாறைத் தட்டுகளில் ஒன்று இன்னொன்றின் அடியில் இறங்குகிறது. மரியானா அகழி கிட்டத்தட்ட 11 கி.மீ. ஆழம் போனது அதனால்தான்.

புரியவைக்க
அட்லாண்டிக்: பழைய வரைபடத்தில் தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் வெட்டி, பிள்ளைகள் கையில் கொடுங்கள். பிரேசிலின் முழங்கை கினி வளைகுடாவுக்குள் போய் உட்காரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!
பசிபிக்: குறுக்குவெட்டுப் படம் வரைந்தே ஆக வேண்டும்.

சுழற்சி
அட்லாண்டிக்: வளைகுடா நீரோட்டம், மேற்கு ஓரமாக வேகமாக ஓடுகிறது.
பசிபிக்: ஜப்பான் பக்கம் ஓடும் குரோஷியோ நீரோட்டமும் அப்படியே. ஆனால் கதை இங்கே இன்னும் பெரிது. பூமி சுழல்வதால் மேற்கு நோக்கி வளையும் வணிகக் காற்று வெதுவெதுப்பான நீரைத் தள்ளித் தள்ளி, இந்தோனேசியப் பக்கம் கடல் மட்டத்தையே ஈக்வடாரைவிட சுமார் அரை மீட்டர் உயர்த்திவிடுகிறது. அந்தக் காற்று தளர்ந்து, வெதுவெதுப்பான நீர் கிழக்கே திரும்பினால் அதுதான் எல் நினோ. நம் வடகிழக்குப் பருவமழை வரை அதன் கை நீளும்.

சரி, எதை எடுப்பது? நடுநிலைப் பள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அட்லாண்டிக். மேல்நிலை மாணவர்களுக்கு, மழையோடு சேர்த்துச் சொல்ல, பசிபிக்.