கல் தெரியும் கான்கிரீட்: பிரஷ்ஷா, ரிட்டார்டரா, ஆசிட்டா?

கார் நிற்கும் இடத்துக்கு டைல்ஸ் வேண்டாம், கல் தெரிகிற கான்கிரீட்டே போடலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். சரி, மேலே படிந்த சிமென்ட் பாலை அகற்றிக் கல்லை வெளியே கொண்டுவருவது எப்படி? சென்னையில் வெயிலையும் கடல் காற்றையும் பார்த்துத்தான் இதை முடிவுசெய்ய வேண்டும்.

பழைய வழி, லேசாக இறுகியதும் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது. செலவு குறைவு, ஆனால் நேரம் பிசகக் கூடாது. முந்தினால் கல் பெயர்ந்து வரும். பிந்தினால் எவ்வளவு தேய்த்தாலும் சிமென்ட் விடாது. சித்திரை வெயிலில் அந்த இடைவெளி ரொம்பவே சுருங்கிவிடும். வெயில் பட்ட பக்கம் இறுகியிருக்கும், சுவர் நிழல் விழுந்த பக்கம் இன்னும் இளகிக் கிடக்கும். ஒரே தரை திட்டுத்திட்டாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். சின்ன நடைபாதை, தை மாத வேலை, கை தேர்ந்த கொத்தனார் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

பெரிய இடத்துக்கு என் தேர்வு ரிட்டார்டர்தான், அதாவது சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம். மட்டம் செய்ததும் மேலே தெளித்து, பாலிதீன் ஷீட் போட்டு மூடுவார்கள். மேல்பரப்பில் சில மில்லிமீட்டர் மட்டும் இறுகாமல் நிற்கும். அடியில் வழக்கம்போல இறுகிவிடும். சர்க்கரை விழுந்தால் சிமென்ட் இறுக மறுக்கும் அல்லவா, அதே தத்துவம். மறுநாள் பிரஷர் வாஷரால் கழுவினால் கல் ஒரே சீராகத் தெரியும். எத்தனை ஆழம் இறுகாமல் நிற்க வேண்டும் என்பதற்கேற்ப ரகங்கள் உண்டு. கல்லின் அளவைச் சொல்லி வாங்குங்கள். கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. மீறினால் டயர் திரும்பும் இடத்தில் கல் பெயரும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். இறுகிப்போன தரையிலும் வேலை செய்யும், விலையும் மலிவு, உண்மைதான். ஆனால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் குளோரைடு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூரில் உப்புக்காற்றே போதாதா? மார்பிள் சிப்ஸ் போட்டிருந்தால் ஆசிட் அதையும் அரித்துவிடும்.

கல்லைப் பொறுத்தவரை, உடைத்த கருங்கல் ஜல்லி முனை கூர்மையானது, வெறுங்காலில் குத்தும். குழந்தைகள் ஓடுகிற வீட்டுக்குக் கூழாங்கல் நல்லது.

எந்த வழியானாலும் க்யூரிங்கை, அதாவது கான்கிரீட்டைத் தொடர்ந்து ஈரமாக வைத்திருப்பதை, குறைக்காதீர்கள். பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா) சிமென்ட்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 குறைந்தது 10 நாள் கேட்கிறது. வறண்ட வெயிலில் 14 நாள். அப்புறம், இரண்டடிக்கு இரண்டடி மாதிரி ஒன்று போட்டு, காய்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் பார்த்த பிறகே முழு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.