பாஸ் போட்டு எழுந்தால் டிஸ்க் தூங்கிவிடும்: ஆறு வருட பிளேயர் அனுபவம்

போன வாரம் எங்கள் வீட்டு மீடியா பிளேயரின் (ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் வீடியோவை டிவியில் காட்டும் பெட்டி) யூஎஸ்பி போர்ட் ஆட்டம் கண்டுவிட்டது. கேபிளைச் செருகி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஹார்ட் டிஸ்க் விளக்கு எரியும். கையை எடுத்தால் அணைந்துவிடும். இரண்டு நாள் கேபிளுக்கு அடியில் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து ஓட்டினோம். அப்புறம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "தினமும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "எதுக்கு?" என்றார். அதற்குப் பதில் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

அன்றைக்குச் சாயங்காலமே நண்பன் ஒருவன் போன் செய்து, "நீ வெச்சிருக்கியே, அதே மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எப்படி இருக்கு?" என்று கேட்டான். ஒரே கதையை இரண்டு முறை சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன். பெட்டியின் அளவு, எடை, எத்தனை போர்ட் என்பதெல்லாம் அட்டையிலேயே அச்சடித்திருக்கும். அதை விடுங்கள்.

என் பிரச்சினை ஒன்றே ஒன்று. பாஸ் பட்டன்.

வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். போன் வரும், பாஸ் போடுவோம். பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும். திரும்பி வந்து பிளே அழுத்தினால் படம் இரண்டு விநாடி நகர்ந்து உறைந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க்கின் மேல் கையை வைத்தால் உள்ளே தட்டு சுற்ற ஆரம்பிக்கும் அதிர்வு விரலுக்குத் தெரியும். சரி, எழுந்துவிட்டது, இதோ ஓடப்போகிறது என்று பார்த்தால், திரையில் 'யூஎஸ்பி சாதனம் அகற்றப்பட்டது' என்று வரும். அகற்றியது யார்? நான் அதன் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! அடுத்த நொடி முகப்புப் பக்கம் வந்துவிடும். இன்னும் ஐந்து விநாடியில் அதே டிஸ்க்கைப் புதிதாகப் பார்த்தது போல 'புதிய சாதனம் கண்டறியப்பட்டது' என்று ஒரு வரவேற்பு.

எங்கே விட்டோம் என்பதாவது நினைவில் இருக்கிறதா என்றால், அதுவும் கிடையாது. இந்த பிளேயர் ஒவ்வொரு ஃபைலிலும் விட்ட இடத்தை நன்றாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆனால் ஸ்டாப் அழுத்தும்போதுதான் அதை எழுதி வைக்கும். டிஸ்க் தானாகக் கழன்றுகொண்டால் எழுத நேரம் கிடைப்பதில்லை. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, ஓட்டி ஓட்டித் தேட வேண்டும்.

ஆறு வருடத்தில் இதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யார் பாஸ் போட்டாலும் எட்டாவது நிமிடத்தில் ஒருவர் போய் ரிமோட்டில் கொஞ்சம் பின்னால் ஓட்டிவிட்டு மறுபடி பாஸ் போட வேண்டும். பின்னால் ஓட்டினால் பிளேயர் டிஸ்க்கைப் படித்தாக வேண்டும், டிஸ்க்கின் தூக்கக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பார்கள், நாங்கள் தட்டி எழுப்பி வைக்கிறோம்.

இதில் யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. முதலில் டிஸ்க் மேல்தான் கோபம். பயன்படுத்தாமல் விட்டால் தட்டை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கும்படிதான் பெரும்பாலான போர்ட்டபிள் டிஸ்க்குகளைத் தயாரிக்கிறார்கள். சூடு குறையும், மின்சாரம் மிச்சம். கம்ப்யூட்டரில் செருகியிருந்தால் இது தொந்தரவே இல்லை, அது டிஸ்க் எழுந்திருக்கும்வரை பேசாமல் காத்திருக்கும். தட்டு மறுபடி முழு வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிப் பொறுமை என் பிளேயருக்குக் கிடையாது.

பொறுமை மட்டும்தான் பிரச்சினையா என்றால், அதோடு முடியவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் கொடுத்தால் போதும் என்பது விதி. யூஎஸ்பி 3.0 என்றால் 900. இரண்டரை அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்குள் அடங்கிவிடும். நின்றுபோன தட்டை முதல் தடவை சுழற்றிவிடும் அந்தக் கணத்தில்தான் கூடுதலாக இழுக்கும், சில டிஸ்க்குகள் ஒரு ஆம்பியர் பக்கம்கூடப் போகும். போர்ட்டால் கொடுக்க முடியாவிட்டால் வோல்ட் இறங்கும், டிஸ்க் தடுமாறி விழும். காது கொடுத்துக் கேட்டால் 'டக்... டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறி, டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து, நல்ல டிஸ்க் ஒன்றை ஓரம்கட்டிவிட்டேன். அதைக் கம்ப்யூட்டரில் செருகியபோது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இதே சத்தம் உங்கள் வீட்டில் கேட்டால் முதலில் வேறு போர்ட்டில், குட்டையான வேறு கேபிளில் செருகிப் பாருங்கள். டிஸ்க்கைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தனி அடாப்டர் வைத்த யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) ஒன்று வாங்கி நடுவில் போட்டேன். டக் டக் நின்றது. சாதனம் அகற்றப்பட்டது என்ற செய்தி பத்துக்குப் பத்து வந்தது போய் பத்துக்கு நாலு ஆனது. ஆனால் அந்த ஹப் போர்ட் வழியாக பிளேயருக்கே கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பியது. பிளேயரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அதன் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்ததை ராத்திரி ஒருநாள் பார்த்தேன். பேய் பிடித்த மாதிரி இருந்தது. ஹப்பைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அடுத்து, தூக்கத்தையே நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றியது. டிஸ்க் தயாரித்தவர்களின் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு, உறக்க நேரத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினேன். என்னிடம் இரண்டு டிஸ்க். முதலாவது கேட்டுக்கொண்டது. இரண்டாவது தலையாட்டிவிட்டு மறுநாளும் பத்தாவது நிமிடத்தில் தூங்கியது. டிஸ்க்குக்கும் கேபிளுக்கும் நடுவில், டிஸ்க்கை மூடியிருக்கும் கூட்டுக்குள் ஒரு சின்ன சிப் உட்கார்ந்திருக்கிறது. எப்போது தூங்குவது என்பதை சில கூடுகளில் அந்த சிப்தான் முடிவு செய்யும். நாம் சொல்வது உள்ளே இருப்பவருக்குப் போய்ச் சேருவதே இல்லை.

கேட்டுக்கொண்டதாவது நிம்மதியாக இருந்ததா? தூங்காத டிஸ்க் நிற்காமல் சுற்றும். பிளேயரை ரிமோட்டில் அணைத்தாலும் யூஎஸ்பி போர்ட்டில் மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது. காலையில் தொட்டால் டிஸ்க் வெதுவெதுவென்று இருக்கும். மனசு கேட்கவில்லை. அதனால் ராத்திரி பிடுங்கி வைத்து, சாயங்காலம் செருக ஆரம்பித்தோம். பிளேயரின் மெனுவில் 'பாதுகாப்பாக அகற்று' என்பது ஐந்து அடுக்கு உள்ளே புதைந்து கிடக்கிறது. அத்தனை தூரம் போவதற்கு வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை, நேராகப் பிடுங்கினார்கள். என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) இருக்கும் டிஸ்க்கை அப்படிப் பிடுங்கினால், வேலை முடியவில்லை என்ற குறி அதிலேயே தங்கிவிடலாம். அடுத்த நாள் பிளேயர் அந்த டிஸ்க்கைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் பிழை சரிபார்ப்பு ஓட்டிக் கொண்டுவர வேண்டும். இத்தனை இழுபறியில்தான் அந்த போர்ட் தளர்ந்தது. பழுது பார்ப்பவர் கேட்ட 'எதுக்கு?' என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

அவர் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்து, புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தார். ஒரு யோசனையும் சொன்னார்: கையளவு நீள எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை போர்ட்டில் நிரந்தரமாகச் செருகிவிட்டு, பிடுங்குவதையும் செருகுவதையும் அதன் மறுமுனையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தேய்ந்தால் கேபிள்தான் தேயும். ஆறு வருடமாக எனக்கு இது தோன்றவில்லை.

நண்பன் கேட்ட மற்ற விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஃபார்மட் என்று கேட்டான். ஃபேட்32 எல்லாப் பெட்டியும் படிக்கும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. கேம்கோடரில் எடுத்த நீளமான வீடியோ துண்டு துண்டாக இருப்பதற்குக்கூட பெரும்பாலும் அதன் மெமரி கார்டு இந்த ஃபார்மட்டில் இருந்ததுதான் காரணம். பெரிய ஃபைல் என்றால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட் 2006ல் வந்தது, ஆனால் அதன் முழு விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் பொதுவில் வைத்தது 2019ல்தான். அதனால் பழைய பிளேயர் என்றால் வாங்கும் முன் ஒரு பென் டிரைவில் போட்டுச் சோதித்துக்கொள். 2 டிபிக்கு மேல் டிஸ்க் வாங்காதே என்றும் சொன்னேன். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறையின் கணக்கு வழக்கமான டிஸ்க்கில் அங்கேயே முடிந்துவிடும், அதற்கு மேல் ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும், ஜிபிடி என்றால் முழிக்கும் பெட்டிகள் இன்னும் உண்டு. மேக்கில் காப்பி செய்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட ஒரு குட்டி ஃபைல் ஒட்டிக்கொண்டு வரும். பிளேயர் அதையும் வீடியோ என்று நினைத்துப் பட்டியலில் காட்டும், அழுத்தினால் ஓடாது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்படாதே, அழித்துவிடு.

யூஎஸ்பி 3.0 இருந்தால்தான் படம் தடங்கல் இல்லாமல் ஓடுமா என்று கேட்டான். அதெல்லாம் தேவையில்லை. 4கே அல்லாத சாதாரண புளூரே தட்டின் உச்ச வேகமே விநாடிக்கு 54 மெகாபிட். யூஎஸ்பி 2.0 ஏட்டளவில் 480, நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே தாராளம். 3.0ல் கிடைக்கும் அந்தக் கூடுதல் 400 மில்லிஆம்பியருக்காக வேண்டுமானால் வாங்கு.

இவ்வளவு திட்டிவிட்டு நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். டிவியிலேயே யூஎஸ்பி இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு என்று இந்த ஆறு வருடத்தில் மூன்று முறை நானே கேட்டுக்கொண்டு, டிஸ்க்கை நேராக டிவியில் செருகியிருக்கிறேன். மூன்று முறையும் திரும்பி வந்தேன். சில வீடியோவில் படம் வரும், சத்தம் வராது, டிடிஎஸ் என்ற வகை ஆடியோவை டிவி ஏற்பதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தமிழ் சப்டைட்டிலை அது என்ன பாடு படுத்துகிறது தெரியுமா! 'கொஞ்சம்' என்ற சொல்லில் க தனியாக, கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் ஒரு புள்ளி வட்டம். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும். இந்த பிளேயரில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்த சப்டைட்டில் ஃபைலைப் போட்டால் போதும், கொ, கோ, கௌ எல்லாம் அச்சடித்த மாதிரி வரும். ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைத்தாலும் அப்படியே காட்டும். அம்மா கண்ணாடி போடாமலே 'பழைய வீடியோ' என்ற ஃபோல்டரைத் திறந்து, யாரையும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஆறு வருடமாக ஒரு அப்டேட்டும் கேட்டதில்லை. அப்டேட் வந்திருந்தால் பாஸ் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

நண்பனுக்குச் சொன்னது: வாங்காதே. டிஸ்க்கை எழுப்பக்கூடத் தெரியாத பிளேயர் வேண்டாம். கட்டாயம் வாங்குவேன் என்றால் சுழலும் டிஸ்க்கை விட்டுவிட்டு எஸ்எஸ்டி போடு, அதில் சுழல்வதற்குத் தட்டு இல்லை, எழுவதற்கு நேரமும் ஆகாது.

"அப்போ நீ எஸ்எஸ்டிக்கு மாறிட்டியா?" என்றான்.

மாறவில்லை. வேறு பிளேயரும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், பழுது பார்ப்பவரிடமே இதே மாடல் பழையது ஏதாவது வந்தால் உதிரிப் பாகத்துக்கு எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் இரண்டு. கோபம் வராத நாளில் கேட்டால் மூன்றரை சொல்வேனோ என்னவோ.

இதை எழுத உட்கார்ந்தபோது இரண்டாவது டிஸ்க்கில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அம்மா பாஸ் போட்டுவிட்டு எழுந்து போனார். இப்போது உள்ளிருந்து குரல் வருகிறது: "டேய், எட்டு நிமிஷம் ஆச்சு பாரு!"