பாதை போடும் கன்ட்ரோலர்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் நெட்வொர்க்கில் டனல்களுக்கு, அதாவது இவ்வளவு வேகம் என்று ஒதுக்கி டிராஃபிக்கைக் கொண்டுபோகும் தடங்களுக்கு, பாதை போடும் வேலையை ரவுட்டர்களிடமிருந்து பிடுங்கி, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும் கன்ட்ரோலர் மென்பொருளிடம் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. விற்றவர்கள் பெயர் வேண்டாம்.

இதை வாங்க வைத்ததே ஒரு 8 ஜிகாபிட் டனல்தான். அது போக இரண்டு வழிகள்: குட்டையானதில் 10 ஜிகாபிட், சுற்று வழியில் 5. ஒரு ரவுட்டர் தன் 4 ஜிகாபிட் டனலை முந்திக்கொண்டு குட்டை வழியில் போட்டுவிடும். பின்னால் வரும் 8-க்கு அங்கே மிச்சம் 6தான். மொத்தம் 11 காலியாகக் கிடந்தும் டனல் எழும்பாது. ரவுட்டரைக் குறை சொல்ல முடியாது; எங்கே எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியும், ஆனால் அடுத்த ரவுட்டரின் டனலை நகர்த்த அதனால் முடியாது. ராத்திரி நான்தான் உட்கார்ந்து கையால் நகர்த்துவேன். கன்ட்ரோலர் வந்த முதல் வாரமே 4-ஐச் சுற்று வழிக்குத் தள்ளிவிட்டு 8-ஐ ஏற்றிவிட்டது. புதுப் பாதை எழுந்த பிறகே பழையதை விட்டதால் ஒரு பாக்கெட்கூட விழவில்லை.

திரையில் வரைபடம் அழகு. இரண்டு நாளைக்குமேல் யாரும் பார்ப்பதில்லை.

ஐந்தாவது மாதம் கன்ட்ரோலர் படுத்தது. அதன் சொந்த லாக் ஃபைலே டிஸ்க்கை நிரப்பிவிட்டது! பாதை ரவுட்டரிலேயே இருக்கிறது, டிராஃபிக் அதுபாட்டுக்குப் போகும் என்று நிதானமாகத்தான் இருந்தேன். கன்ட்ரோலரும் ரவுட்டரும் பேசிக்கொள்ளும் பிசிஇபி நெறிமுறையில் வழக்கமாக 30 நொடிக்கு ஒரு கீப்அலைவ், அதாவது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற செய்தி. 120 நொடி சத்தமில்லை என்றால் ரவுட்டர் செஷனை முறித்துக்கொள்ளும். ரவுட்டர் உருவாக்கி ஒப்படைத்திருந்த டனல்கள் அதனிடமே திரும்பின. கன்ட்ரோலர் தானே உருவாக்கியவை அநாதையாகிவிட்டன. அவற்றைக் குறித்த நேரத்துக்குள் வேறு கன்ட்ரோலர் ஏற்காவிட்டால் ரவுட்டர் அழித்துவிடும். இதற்கான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 8281 சொல்வதும் அதுதான். நிறுவ வந்தவர்கள் அந்த டைமரை 5 நிமிடம் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்டேண்ட்பை, அதாவது மாற்றாக வைத்திருந்த இன்னொரு கன்ட்ரோலர், முழு நெட்வொர்க் வரைபடத்தையும் வாங்கி எழ, செஷன் முறிந்ததிலிருந்து 7 நிமிடம் ஆனது. நடுவில் டனல்கள் ஒவ்வொன்றாக மறைந்து, டிராஃபிக் மொத்தமும் குட்டை வழியில் வந்து விழுந்தது.

சப்போர்ட்டைக் கேட்டால், “மேனுவலில் இருக்கிறதே சார்” என்றார்கள். இருந்தது, கடைசிப் பின்னிணைப்பில்.

இப்போது டைமர் 30 நிமிடம், லாக் தனி டிஸ்க்கில். முக்கியமான டனல்களை ரவுட்டரிலேயே உருவாக்கி, பாதையை மட்டும் கன்ட்ரோலரிடம் விட்டிருக்கிறேன்.

பத்துப் பதினைந்து டனல்தான் என்றால் இது தேவையில்லை. நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். டெமோவில் லிங்க்கைத்தான் அறுத்துக் காட்டுவார்கள்; கன்ட்ரோலரையே நிறுத்தச் சொல்லி, ஸ்டேண்ட்பை எழ எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.