கேமிங் கம்ப்யூட்டருக்கு எந்த ராம்? சி.எல்.30, சி.எல்.36, டிடிஆர்4 ஓர் அலசல்

அக்கா மகனுக்குக் கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று அசெம்பிள் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 7600 என்று ஒரே நாளில் முடிவாகிவிட்டது. ராமில்தான் இரண்டு வாரம் ஓடியது. நாலு படங்களை அனுப்பி, "மாமா, நாலுமே 32 ஜிபிதானே, விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

முதலில் டிடிஆர்4, அதாவது ராமின் முந்தைய தலைமுறை. 7600 உட்கார்வது ஏஎம்5 சாக்கெட் உள்ள மதர்போர்டில், அது புதிய தலைமுறையான டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும். இரண்டு வகை ராமிலும் பின் எண்ணிக்கை 288தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது. இன்டெலின் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை இரண்டு வகைக்கும் தனித்தனி போர்டுகள் உண்டு. கையில் ஏற்கெனவே நல்ல டிடிஆர்4 இருந்தால் அந்த வழியோ, ஏஎம்5-க்கு முந்தைய ஏஎம்4 போர்டில் ரைசன் 5 5600-ஓ இன்றும் மோசமில்லை. புதிதாகக் காசு கொடுத்து டிடிஆர்4 வாங்குவதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். 2025-இல் தயாரிப்பாளர்கள் அதன் உற்பத்தியைக் குறைத்தார்கள், ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ஆண்டு இறுதியில் எல்லா ராமும் விலை ஏறியது. "பழசு, அதனால் மலிவு" என்ற கணக்கு இப்போது சரியாக வருவதில்லை.

அடுத்து, படங்களில் இருந்த முக்கியமான போட்டி: 6000 சி.எல்.30, 6000 சி.எல்.36, 5600 சி.எல்.46. முதல் எண் எவ்வளவு வேகமாகத் தரவு ஓடுகிறது என்பது. சி.எல். என்பது கேட்டதற்கும் கொடுப்பதற்கும் இடையே எத்தனை சுழற்சி காத்திருக்க வேண்டும் என்பது. சி.எல்.-ஐ 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நானோ வினாடியில் கிடைக்கும். 6000 சி.எல்.30 என்றால் 10. சி.எல்.36 என்றால் 12. 5600 சி.எல்.46-க்கு 16-ஐத் தாண்டிவிடும். பழைய டிடிஆர்4 3200 சி.எல்.16-க்கும் இதே 10தான்! டிடிஆர்5-இன் பலம் காத்திருப்பில் இல்லை, ஒரே நேரத்தில் அள்ளித் தரும் தரவின் அளவில் இருக்கிறது.

சரி, 10-க்கும் 12-க்கும் உள்ள இடைவெளி விளையாடும்போது தெரியுமா? 1080பி-யில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வேலரண்ட் மாதிரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) எகிறும் விளையாட்டுகளில் கொஞ்சம் தெரியும். அங்கே வேலை முழுக்கப் பிராசசர் தலையில் விழுகிறது. 1440பி-யில் கிராபிக்ஸ் கார்டு திணறிக்கொண்டு ஓடும் பெரிய விளையாட்டுகளில் கண்டுபிடிக்கவே முடியாது. 7800எக்ஸ்3டி போல 96 எம்பி எல்3 கேச் (பிராசசரிலேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகம்) உள்ள பிராசசர் என்றால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். அதனால் என் கணக்கு: விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சி.எல்.30, அது எட்டாத விலையில் இருந்தால் யோசிக்காமல் சி.எல்.36. 5600 சி.எல்.46 நிஜமாகவே மலிவாகக் கிடைத்தால் மட்டும். 7200, 8000 என்று மினுக்கும் ராம் ஜோடிகள் ஏஎம்5-க்கு வேண்டாம். 6000, 6400 வரை ராமும் பிராசசரின் மெமரி கன்ட்ரோலரும் ஒரே தாளத்தில் ஓடும். அதைத் தாண்டினால் பொதுவாகக் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும்.

எண்களைவிட முக்கியம், எத்தனை ஸ்டிக் (ராம் துண்டு) என்பது. இதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். இரண்டு ஸ்டிக் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு ஒரு வருடம் கழித்து அதே பெயர், அதே எண் போட்ட இன்னொரு ஜோடி வாங்கினேன். உள்ளே இருந்த சிப் வேறு. நாலையும் போட்டால் 6000-இல் ஆன் ஆகவே மறுத்தது. ஏஎம்டி-யே 7600-க்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு என்றால் 3600 என்றுதான் அதிகாரப்பூர்வமாகச் சொல்கிறது. அதனால் நாலு 8 ஜிபியைவிட இரண்டு 16 ஜிபி எப்போதும் மேல். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்கில் பெரும்பாலும் நாலே சிப்தான் இருக்கும், உள்ளே வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பேங்க் குழுக்களும் பாதிதான், அதிலும் கொஞ்சம் வேகம் போகும். ஒரே ஒரு 16 ஜிபி போட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் ஒரு சேனல் காலியாகக் கிடக்கும், தரவு போகும் பாதை பாதியாகிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 8600ஜி-யில் விளையாட நினைப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது.

பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்ட வேண்டியது வண்ண விளக்கு. விளக்குப் பட்டை வைத்த உயரமான ஸ்டிக் பெரிய ஏர் கூலரில் முட்டவும் செய்யும்.

கடைசியில் இரண்டு 16 ஜிபி, 6000 சி.எல்.36, விளக்கு இல்லாத கறுப்பு ஜோடி எடுத்தோம். பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அவனையே அழுத்தச் சொன்னேன். பவர் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு, போர்டில் ராமைக் குறிக்கும் டிரேம் விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. ஏஎம்5 முதல்முறை ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், கை வைக்காமல் காத்திருக்க வேண்டும் என்றேன். மூன்றாவது நிமிடம் படம் வந்தது.

விண்டோஸ் ஏற்றி டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பார்த்தால் 4800 என்று காட்டியது. ஏமாந்துவிட்டோம் என்று பயந்தான். பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) போய், ராமை அதன் மேல் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போவை ஆன் செய்ய வைத்தேன். இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். திரும்பவும் கறுப்புத் திரை, திரும்பவும் மஞ்சள் விளக்கு. இந்த முறை அவன் பதறவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். டாஸ்க் மேனேஜரில் 6000 வந்ததும் அதை மொபைலில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான்.