ஒரு ஓட்டுக்கு விலை பேசிய செனட்டர்: மூன்று பிரைமரிகளில் எது தேவலை?

2009 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் கஜானாவில் 4,000 கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. பட்ஜெட் நிறைவேற அப்போது மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 40 இடங்கள் உள்ள மாநில செனட்டில் அது 27 ஓட்டு. அவையில் பெரும்பான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியிடமும் அத்தனை இல்லை. உறுப்பினர்களை வீட்டுக்கு விடாமல் இரவெல்லாம் அவையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஓட்டில் வந்து நின்றது விஷயம். அந்த ஓட்டு, சான்ட்டா மரியாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி செனட்டர் ஏபல் மால்டனாடோவின் கையில் இருந்தது.

மெக்சிகோவிலிருந்து வயல் வேலைக்கு வந்தவரின் மகன். ஸ்ட்ராபெரி விவசாயக் குடும்பம். பேரம் பேசத் தெரிந்தவர். பெட்ரோல் வரி உயர்வைக் கைவிட வேண்டும் என்றார். பற்றாக்குறை உள்ள ஆண்டில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பள உயர்வு கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்சிவாரி பிரைமரியை, அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றுத் தேர்தலை, ஒழிக்கும் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பச் சொன்னார். மூன்றும் கிடைத்தன. சம்பளத் திருத்தம் அந்த ஆண்டு மே மாத வாக்கெடுப்பில் அமோகமாகத் தேறியது. கூடவே வைத்த மற்ற ஐந்து முன்மொழிவுகளும் மண்ணைக் கவ்வின. பிரைமரி திருத்தம் 14-வது முன்மொழிவாக 2010 ஜூனில் சுமார் 54 சதவீத ஆதரவோடு வென்றது. இரண்டு பெரிய கட்சிகளுமே அதை எதிர்த்தன. பெருவாரியாக ‘வேண்டாம்’ என்ற மாவட்டங்கள் இரண்டுதான்: இடதுசாரிகளின் சான் ஃபிரான்சிஸ்கோ, அன்றைக்கு வலதுசாரிகளின் கோட்டையாக இருந்த ஆரஞ்சு. கீரியும் பாம்பும் ஒரே பக்கம் நின்றன என்றால், இந்த முறை யாருக்கு வலிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பழைய முறையில் அப்படி என்ன கோளாறு? கட்சிக்காரர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜூன் மாதம் ஓட்டுச்சாவடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தீவிரத் தொண்டர்கள். ஆகவே எதிர்த் தரப்போடு ஒருமுறை கைகோத்தவருக்கு அங்கேயே சீட்டுக் கிழியும். இதன் உச்சம் கலிஃபோர்னியாவில் இல்லை, அலாஸ்காவில் நடந்தது. 2010-ல் பதவியில் இருந்த அமெரிக்க செனட்டர் லிசா மர்கவ்ஸ்கி தன் குடியரசுக் கட்சி பிரைமரியில் ஜோ மில்லரிடம் தோற்றார். விடவில்லை. ஓட்டுச் சீட்டில் தன் பெயரை வாக்காளர்களே கையால் எழுதும்படி பிரசாரம் செய்தார். ‘மர்கவ்ஸ்கி’ என்ற பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது லேசான காரியமில்லை. பிழையோடு எழுதிய சீட்டு செல்லுமா என்று மில்லர் நீதிமன்றம் வரை போனார். மர்கவ்ஸ்கிதான் ஜெயித்தார்.

மால்டனாடோ கொண்டுவந்த முறையில், எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில் நிற்பார்கள். யாரும் யாருக்கும் போடலாம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. அதிபர் தேர்தலுக்கு மட்டும் இது கிடையாது. வாஷிங்டன் மாநிலம் 2008-லேயே இதைத் தொடங்கிவிட்டது. கட்சி சாராதவருக்கும் முதல் சுற்றிலேயே முழு உரிமை. எனக்கு இதில் பிடித்த அம்சம் இதுதான்.

பிடிக்காதது ‘இரண்டு’ என்ற கணக்கு. ஓட்டுப் பிரிவது என்றால் என்னவென்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2012-ல் சான் பெர்னார்டினோ பகுதியின் 31-வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை) தொகுதியில் ஜனநாயகக் கட்சியில் நான்கு பேர் நின்றார்கள், குடியரசுக் கட்சியில் இரண்டே பேர். நான்கு பேரும் ஓட்டைப் பங்கு போட்டுக்கொள்ள, குடியரசுக் கட்சியின் கேரி மில்லரும் பாப் டட்டனும் முதல் இரண்டு இடத்தையும் அள்ளிக்கொண்டார்கள். அதே நவம்பரில் ஒபாமாவுக்குத் தெளிவான பெரும்பான்மை கொடுத்த தொகுதி அது! மூன்றாவதாக வந்த பீட் அகிலார் 2014-ல்தான் உள்ளே வர முடிந்தது.

2016-ல் அமெரிக்க செனட் இடத்துக்கு பிரைமரி சீட்டில் 34 பெயர்கள். முதல் இரண்டு இடமும் ஜனநாயகக் கட்சிக்கே: கமலா ஹாரிஸ், லொரெட்டா சான்செஸ். துளசேந்திரபுரம் பேத்தி ஜெயித்தார் என்று இங்கே சந்தோஷப்பட்டோம். அங்கே குடியரசுக் கட்சி வாக்காளருக்கு நவம்பரில் போட ஆளே இல்லை. பெயரைக் கையால் எழுதும் வழியும் கலிஃபோர்னியாவில் நவம்பரில் அடைபட்டுவிட்டது. மர்கவ்ஸ்கியைக் காப்பாற்றிய அதே வழி.

2024-ல் இன்னொரு தந்திரம் வந்தது. ஆடம் ஷிஃப், தன் சொந்தக் கட்சியின் கேட்டி போர்ட்டரை நவம்பரில் எதிர்கொள்வதைவிட, குடியரசுக் கட்சியின் முன்னாள் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் கார்வியை எதிர்கொள்வது சுலபம் என்று கணக்குப் போட்டார். கார்வியைப் பெரிய போட்டியாளராகக் காட்டும் விளம்பரங்களுக்குப் பணத்தைக் கொட்டினார். கார்வி மேலே வந்தார், போர்ட்டர் மூன்றாவது. நவம்பரில் ஷிஃப் சிரமமில்லாமல் ஜெயித்தார்.

அலாஸ்கா 2020-ல் ஏற்ற முறை இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. அங்கே நான்கு பேர் மேலே போவார்கள். நவம்பரில் 1, 2, 3, 4 என்று விருப்ப வரிசை குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் ஓட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரித்துக் கொடுப்பார்கள். 2022-ல் டிரம்ப் ஆதரித்த கெல்லி சிபாகாவை மர்கவ்ஸ்கி வென்றது இந்த முறையில்தான். இந்தத் தடவை யாரும் பெயரை எழுத்துக்கூட்டத் தேவைப்படவில்லை.

ஆனால் இதிலும் குழப்பம் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் காங்கிரஸ் இடத்துக்கான இடைத்தேர்தலில் மேரி பெல்டோலா, சாரா பேலின், நிக் பெகிச் மூவர் களத்தில். மூன்றாவதாக வந்த பெகிச்சின் ஓட்டுகளில் சுமார் பாதிதான் அவருடைய குடியரசுக் கட்சியையே சேர்ந்த பேலினுக்குப் போனது. கால் பங்குக்கு மேல் ஜனநாயகக் கட்சியின் பெல்டோலாவுக்கு. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் அடுத்த விருப்பமே குறிக்கப்படவில்லை. பெல்டோலா வென்றார். பேலினோடோ பெல்டோலாவோடோ தனித்தனியாக மோதியிருந்தால் பெகிச் இருவரையுமே வென்றிருப்பார் என்பதை அந்தச் சீட்டுகளே காட்டின. 2024-ல் இந்த முறையை ஒழிக்க அலாஸ்காவில் வாக்கெடுப்பு நடந்தது. மூன்று லட்சத்துக்கு மேல் ஓட்டுகள் விழுந்ததில், ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் முறை தப்பியது.

கையில் சீட்டைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் அலாஸ்கா பக்கம். நான்கு பேருக்கு இடம் இருந்தால் 31-வது தொகுதிக் கூத்து நடந்திருக்காது. ஓட்டெண்ணிக்கை நீளும், விளக்கிச் சொல்வதும் கஷ்டம். அந்த விலையைக் கொடுக்கலாம்.

ஆனால் மால்டனாடோவின் பேரத்தில் அடிப்படையான ஒன்று இடறுகிறது. பட்ஜெட் முடங்கியதற்குக் காரணம் மூன்றில் இரண்டு பங்கு விதி. அவர் ஓட்டுக்கு அத்தனை மதிப்பு வந்ததே அந்த விதியால்தான். அவர் அதைத் தொடவில்லை. 2010 நவம்பரில் வேறு தரப்பினர் கொண்டுவந்த 25-வது முன்மொழிவுதான் அதை உடைத்தது: பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், ஜூன் 15-க்குள் நிறைவேற்றாவிட்டால் உறுப்பினர்களுக்குச் சம்பளமும் படியும் கிடையாது. வரி உயர்வுக்கு மட்டும் பழைய விதி நீடிக்கிறது. அடுத்த ஆண்டே, வரவும் செலவும் பொருந்தாத பட்ஜெட்டை அனுப்பிய உறுப்பினர்களின் சம்பளத்தை மாநிலக் கணக்கு அதிகாரி நிறுத்தி வைத்தார். மாதக்கணக்கில் பட்ஜெட் இழுபறி என்ற செய்தி அதன்பின் மாநிலத் தலைநகர் சேக்ரமென்டோவிலிருந்து வருவதில்லை.

மால்டனாடோவை 2010-ல் துணை ஆளுநர் ஆக்கினார் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸநெகர். அந்த ஆண்டு அதே பதவிக்கான தேர்தலில் மால்டனாடோ கேவின் நியூசமிடம் தோற்றார். 2012-ல் 24-வது காங்கிரஸ் தொகுதியில், தான் பேரம் பேசி வாங்கிய அதே புதுச் சீட்டில் நின்றார். ஜூனில் இரண்டாவதாக வந்து மேலே போனார். நவம்பரில் லோயிஸ் கேப்ஸ் அவரைத் தோற்கடித்தார்.