35 வெள்ளிக்குள் உலக வைன்கள்: எவை தேறுகின்றன, எவை தேறவில்லை

சிங்கப்பூரில் வைனுக்கான மதுவரி பாட்டிலின் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை. உள்ளே எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்று அளந்து போடப்படுகிறது. ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 13 விழுக்காடு உள்ள 750 மி.லி. பாட்டிலுக்கு இது 8.58 வெள்ளி ஆகிறது. ஆக மலிவான பாட்டிலும் முந்நூறு வெள்ளிப் பாட்டிலும் இதே தொகையைத்தான் கட்டுகின்றன. அதற்கு மேல் 9 விழுக்காடு ஜி.எஸ்.டி. இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். 20 வெள்ளிப் பாட்டிலில் வரிகள் போக மிஞ்சுவது ஏறக்குறைய 9.80. கப்பல் செலவு, கடைக்காரர் லாபம், கண்ணாடி, அட்டைப்பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 30 வெள்ளிப் பாட்டிலில் மிஞ்சுவதோ 18.90. விலை பாதி கூடும்போது உள்ளே இருக்கும் சரக்குக்கான பணம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதனால் 25 முதல் 35 வெள்ளி வரையுள்ள அடுக்கில்தான் கொடுத்த காசுக்கு அதிகம் கிடைக்கிறது. கீழே சொல்பவை இந்த அடுக்கைத் தொடர்ந்து வாங்கி, ஒரே ரகத்தைப் பல அறுவடை ஆண்டுகளில் சுவைத்துப் பார்த்துச் செய்த மதிப்பீடுகள்.

மதிப்பெண் 20-க்கு. மணம் 5, புளிப்பு–இனிப்பு–துவர்ப்பு–ஆல்கஹால் இவற்றின் சமநிலை 6, விழுங்கிய பின் நாவில் நிற்கும் நேரம் 4, சாப்பாட்டோடு ஒத்துப்போவது 2, மூன்றாம் நாள் நிலை 3. கடைசியில் உள்ளது பலரும் செய்யாத சோதனை. மூன்றில் ஒரு பங்கைக் குடித்துவிட்டு, அதே மூடியால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்றாம் நாள் மறுபடி சுவைக்க வேண்டும். நல்ல திராட்சையில் ஒழுங்காகச் செய்த வைன் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஆனால் அதே வைனாக இருக்கும். பூச்சு வேலை செய்த வைனில் பழ வாசம் ஓடிப்போய், கசப்பும் மரத்தூள் வாடையும் மட்டும் மிஞ்சும். முதல் நாள் ஏமாற்றும் பாட்டில்கள் இங்கே மாட்டிக்கொள்கின்றன.

சூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்ற அறிவுரை ஐரோப்பியக் குளிர் வீடுகளுக்கு எழுதப்பட்டது. 30 பாகை செல்சியஸில் எந்தச் சிவப்பு வைனும் ஆல்கஹால் நெடி அடிக்கும், பழம் கஞ்சியாகத் தெரியும். 16–18 பாகைக்குக் கொண்டுவர, பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப் பாதி நிரம்பிய வாளியில் 12 முதல் 15 நிமிடம் கழுத்து வரை அமிழ்த்தி வைத்தால் போதும். குளிர்பெட்டி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, காற்று அவ்வளவு மெதுவாகத்தான் குளிர்விக்கும். வெள்ளை வைனுக்கு அதே வாளியில் அரை மணி. வெறும் பனிக்கட்டி மட்டும் போட்டால் பாட்டிலைத் தொடும் பரப்பு குறைவு, நேரம் இழுக்கும். கிளாஸில் ஒரே தடவையில் 80 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள். இந்த ஊர்ச் சூட்டில் மீதி வெதுவெதுப்பாகிவிடும்.

இனி வைன்கள். இந்த விலையில் தேறும் வைன்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை இயல்பாகவே செலவு குறைவாக விளைபவை, விலையுயர்ந்த இன்னொன்றைப் போல நடிக்காதவை. ஒரு 225 லிட்டர் ஓக் பீப்பாயில் 300 பாட்டில் வரும். புதுப் பிரெஞ்சுப் பீப்பாய் ஒன்றின் விலையை 300-ஆல் வகுத்துப் பார்த்தால், பாட்டிலுக்குச் சில யூரோ மரத்துக்கே போகும். இந்த விலைக்கு அது கட்டுபடியாகாது. எனவே மலிவு சார்டொனே, காபர்நே சாவிஞோன் பாட்டில்களில் வரும் அந்த அடர்ந்த வெனிலா வாசம் பெரும்பாலும் எஃகுத் தொட்டிக்குள் போட்ட ஓக் சில்லுகளிலிருந்தும் பலகைகளிலிருந்தும் வருவது. சில்லுகள் சட்டப்படி சரிதான், கெடுதலும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் அவை தனியே பிரிந்து நிற்கும். ஓக் போட்ட மலிவு சார்டொனேக்கு 11-க்கு மேல் போட மனம் வரவில்லை. மலிவு பினோ நுவாருக்கு 10. அந்தத் திராட்சைக்கு மகசூலைக் குறைத்தால்தான் சுவை வரும், மகசூலைக் குறைத்தால் விலை ஏறும், வேறு வழியே கிடையாது.

மேலே நிற்பது ஸ்பெயின். அதிலும் ஃபீனோ ஷெர்ரி. 17.5. உலகத்தில் இவ்வளவு உழைப்பு இவ்வளவு குறைந்த விலைக்கு விற்கப்படும் வேறொரு வைன் எனக்குத் தெரியவில்லை. தெற்கில் ஹெரெஸ் பகுதியின் சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமினோ திராட்சை, 15 விழுக்காட்டுக்கு ஆல்கஹால் ஏற்றப்பட்டு, பழைய பீப்பாய்களில் இடம் விட்டு நிரப்பப்படுகிறது. மேலே ஃப்ளோர் என்னும் ஈஸ்ட் படலம் ஆடைபோல் படர்ந்து, காற்றுப் படாமல் காக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்வு கட்டாயம். டியோ பெப்பே என்ற பிராண்ட் பல ஊர்களில் கிடைக்கும். துளி இனிப்பு இருக்காது. பாதாம் தோல், பச்சை ஆப்பிள், உப்புக்காற்று. முறுமுறுவென்று பொரித்த நெத்திலியோடும் வறுத்த வேர்க்கடலையோடும் இதற்கு ஈடில்லை. இனிப்பு ஷெர்ரியை மனத்தில் வைத்துக் குடிப்பவர்களுக்கு முதல் வாய் அதிர்ச்சிதான், இரண்டாவது கிளாஸ் வரை பொறுங்கள். ஒரு முக்கியக் குறை: பாட்டிலில் அடைத்த நாளிலிருந்தே புத்துணர்வு குறையத் தொடங்குகிறது. வைக்கோல் நிறம் மாறிப் பொன்னிறம் ஏறிய பாட்டிலை எடுக்காதீர்கள். பின்பக்கம் அடைத்த தேதியோ தொகுதி எண்ணோ இருந்தால் ஓராண்டுக்குள் அடைத்ததைத் தேடுங்கள். திறந்தால் குளிரில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

அடுத்து காவா, 16. பார்சலோனாவுக்குப் பக்கத்துப் பெனெடெஸ் பகுதியில் பெரும்பாலும் மக்கபேயோ, ஷரெல்லோ, பரெல்யாடா என்ற மூன்று திராட்சைகளில் செய்யப்படும் நுரை வைன். ஷாம்பெய்ன் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் நொதித்தல், ஈஸ்ட் கசடோடு குறைந்தது 9 மாதம். புரொசெக்கோ பெரும்பாலும் அழுத்தத் தொட்டியில் நொதிப்பது, மலர்வாசமும் பேரிக்காய் வாசமும் அழகு, ஆனால் சீக்கிரம் தட்டையாகிவிடும் (13). இரண்டிலும் லேபிளைக் கவனியுங்கள். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் லிட்டருக்கு 12–17 கிராம் சர்க்கரை, அது 'புரூட்'டைவிட இனிப்பு. 'புரூட் நேச்சர்' 3 கிராமுக்கும் கீழே. கார உணவோடு என்றால் புரூட் போதும். திறக்கும் முன் பாட்டில் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான பாட்டிலைத் திறந்தால் கால்வாசி தரைக்குப் போகும். கம்பிக் கூண்டைத் தளர்த்திய கணத்திலிருந்து தக்கையின் மேல் கட்டைவிரல் இருக்கட்டும். 45 பாகை சாய்த்து, தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள்.

ஸ்பெயினின் சிவப்பில் கலதாயூத், காம்போ தெ போர்ஹா ஊர்களின் கர்னாச்சா 15, ஹுமில்யாவின் மொனாஸ்ட்ரெல் 15. வறண்ட மேட்டுநிலம், பழைய கொடிகள், நீர்ப்பாசனம் குறைவு, பெயர் பிரபலமில்லை. விலை குறைவதற்கு இதுவே காரணம். கர்னாச்சா 14.5, 15 விழுக்காடு வரை போகும், எனவே குளிர்விக்காமல் குடித்தால் தொண்டை எரியும். ஆட்டுக்கறிச் சுக்காவோடு மிக நன்றாகப் போகிறது. ரியோஹா கிரியான்சா 15.5. அங்கே சிவப்பு கிரியான்சாவுக்கு இரண்டாண்டு முதிர்வு, அதில் ஓராண்டாவது பீப்பாயில், சட்டப்படி கட்டாயம். 'ரெசெர்வா' என்றால் மூன்றாண்டு. சிலியின் லேபிளிலும் 'ரெசெர்வா' என்று இருக்கும், ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்கு இத்தனை காலம் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஒரே சொல், இரண்டு நாட்டில் இரண்டு மதிப்பு.

சிலியில் பார்க்க வேண்டியது கார்மெனேர். நெடுங்காலம் மெர்லோ என்று நினைத்து வளர்த்த கொடிகளில் பல, பிரான்ஸின் போர்தோவில் மறைந்துபோன கார்மெனேர் என்று 1994-இல் பிரெஞ்சுத் திராட்சை அறிஞர் ழான்-மிஷெல் பூர்சிகோ மைப்போ பள்ளத்தாக்கில் கண்டுகொண்டார். குழப்பத்தின் விலை கிளாஸில் தெரிந்தது: கார்மெனேர் மெர்லோவுக்குச் சில வாரம் பின்னால் பழுக்கும், இரண்டையும் ஒன்றாகப் பறித்தால் பச்சைக் குடைமிளகாய் வாடை தூக்கும். இப்போது தனியே விட்டுப் பறிக்கிறார்கள். குளிர் ஆண்டுகளில் அந்தப் பச்சை வாடை இன்னும் எட்டிப்பார்க்கிறது, ஆகவே ஆண்டுக்கு ஆண்டு 13-க்கும் 15-க்கும் இடையே ஆடுகிறது. அர்ஜென்டினா மால்பெக் அப்படி ஆடுவதில்லை. மெந்தோசாவின் உயர்ந்த, காய்ந்த நிலத்தில் மழை குறைவு, திராட்சை ஒழுங்காகப் பழுத்துவிடும். 14, எந்த ஆண்டும் 14. நம்பி வாங்கலாம், வியக்க எதுவும் இருக்காது.

வெள்ளையில் என் முதல் தேர்வு தென்னாப்பிரிக்கச் செனின் பிளாங், 16.5. பிரான்ஸை விடவும் அங்கேதான் இந்தத் திராட்சை அதிகம் பயிராகிறது. பிராந்திக்காகவும் மொத்த வைனுக்காகவும் ஒருகாலத்தில் நட்ட கொடிகள் இன்று முதிர்ந்து நிற்கின்றன. 'பழங்கொடி' என்ற சொல்லுக்குப் பெரும்பாலான நாடுகளில் சட்ட விளக்கம் இல்லை, யாரும் அச்சடிக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 35 வயது கடந்த தோட்டங்களுக்குச் சான்று முத்திரை உண்டு, நட்ட ஆண்டே அதில் அச்சாகியிருக்கும். அந்த முத்திரையோடு 35 வெள்ளிக்குள் அந்நாட்டின் ஸ்வார்ட்லாண்ட் பகுதிச் செனின் ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். மூன்றாம் நாள் சோதனையில் சில பாட்டில்கள் முதல் நாளைவிட நன்றாக இருக்கின்றன.

பிரான்ஸின் அட்லாண்டிக் கரையோர மஸ்காடே 16. குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் கசடின் மேல் கிடந்த 'சுர் லீ' வகையையே வாங்குங்கள், மற்றது மெலிவு. பொஜொலே-வில்லாஜ் 15, இதைச் சிவப்பு என்று பார்க்காமல் 13 பாகைக்குக் குளிர்வித்துக் குடிக்க வேண்டும். மலிவு போர்தோவைத் தவிர்க்கலாம். நியூசிலாந்து மார்ல்பரோ சாவிஞோன் பிளாங் 14: எந்தக் கடையிலும் கிடைக்கும், எல்லாம் ஏறக்குறைய ஒரே சுவை. போர்ச்சுகலின் வின்யோ வெர்தே 14, ஆல்கஹால் 9–11 விழுக்காடு, வரியும் குறைவு. இந்த ஆண்டு அறுவடையோ போன ஆண்டு அறுவடையோ என்று பார்த்து வாங்குங்கள், மூன்று வயதானது வீண்.

மிளகாய்க் காரத்துக்கு ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் திராட்சையில் செய்யும் 'கபினெட்' என்ற இலகுவான வெள்ளை வகை, 17. ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை ஏற்றிவிடும், இனிப்பு அதைத் தணிக்கும். கபினெட்டில் ஆல்கஹால் பெரும்பாலும் 8–9 விழுக்காடு, சிவப்பின் துவர்ப்பு இல்லை, மெல்லிய இனிப்பு, அதைத் தாங்கும் கூர்மையான புளிப்பு. மீன் குழம்பின் புளிக்கு இணையாக நிற்பது இந்தப் புளிப்புதான். வைனின் புளிப்பு குழம்பைவிடக் குறைந்தால் வைன் தண்ணீராகத் தெரியும். லேபிள் புரியாவிட்டால் ஆல்கஹாலைப் பாருங்கள்: 8 என்றால் இனிப்பு மிச்சமிருக்கிறது, 12 என்றால் வறண்டது. எங்கள் விலை எல்லைக்குள் தள்ளுபடியில் மட்டுமே வருவதுதான் குறை.

இந்தியாவில் இந்த வரிசை அப்படியே செல்லாது. இறக்குமதி வைனுக்குப் பொதுவாகச் சுங்க வரிகள் மட்டுமே மொத்தம் 150 விழுக்காடு. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆஸ்திரேலிய வைனில், 5 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு, அது குறைக்கப்பட்டது. அங்கே அதே பணத்துக்கு நாசிக் செனின் பிளாங்கோ சாவிஞோன் பிளாங்கோ மேல். பருவமழையைத் தவிர்க்க ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள். எனவே ஆண்டின் நடுவிலேயே அந்த ஆண்டு வைன் கடைக்கு வந்துவிடும், அதையே கேளுங்கள்.

கடையில் கெட்ட பாட்டிலைக் கண்டுகொள்ளும் வழி: தக்கை மேலே பிதுங்கியிருந்தாலோ, உறையின் கீழ் பிசுபிசுப்பு இருந்தாலோ சூடேறிய சரக்கு. நிறமற்ற கண்ணாடியில் வரும் ரோசேயை விளக்கடியில் முன்வரிசையில் நிற்பதாக எடுக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் அவித்த முட்டைக்கோஸ் வாடை வரும். பின்வரிசையிலிருந்து எடுங்கள். திறந்த பின் ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கையிலிருந்து இறங்கிய டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள், அதற்கு மருந்தில்லை, ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். திருகு மூடிப் பாட்டிலில் தீக்குச்சி வாடை வந்தால் பயப்பட வேண்டாம், வேகமாகச் சுழற்றிப் பத்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அடியில் கண்ணாடித் தூள்போலக் கிடப்பது டார்டாரிக் உப்பு, தீங்கில்லை.

மிஞ்சியதைக் காக்க, காற்றை உறிஞ்சும் பம்புக்குச் செலவு செய்ய வேண்டாம். காலியான 375 மி.லி. திருகு மூடிப் பாட்டிலை வெந்நீரில் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். புது வைனைத் திறந்த உடனேயே அதில் கழுத்து விளிம்பு வரை ஊற்றி மூடிக் குளிரில் வையுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் ஒரு வாரம் தாங்கும். பெட்டி வைன் வாங்குவோர் அறுவடை ஆண்டைவிட அடைத்த தேதியைப் பாருங்கள். பை வழியாக மெல்ல ஆக்சிஜன் ஏறும், ஆறு மாதம் தாண்டிய வெள்ளைப் பெட்டியை விட்டுவிடுங்கள். திறந்த பெட்டி குளிர்பெட்டியில் நான்கு வாரம் வரை நன்றாக இருக்கும்.