ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ., திறக்காத பழைய சிடி

செவி நரம்பில் வரும், புற்றல்லாத கட்டிக்குக் காமா நைஃப் (கத்தி வைக்காமல் கதிர்களைக் கட்டியில் குவிக்கும் முறை) கதிர்வீச்சு எடுத்துப் பல வருடம் ஆகியும் கண்காணிப்பு ஸ்கேன் விடுவதாக இல்லை. இந்தத் தடவை ஊருக்குப் போனபோதே அதையும் முடித்துவிட்டேன். மறுநாளே நேரம் கொடுத்தார்கள், நான் இருக்கும் நாட்டில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேகத்தில் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கோளாறு ரிப்போர்ட்டில்தான். பழைய சிடியைக் கையில் கொடுத்தும் திறந்து பார்க்காமல், பழைய ரிப்போர்ட்டில் இருந்த அளவை மட்டும் வைத்து 'கட்டி ஒரு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது' என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் அன்று யாருக்கும் தூக்கமில்லை. அப்புறம் பார்த்த நரம்பியல் அறுவை மருத்துவர் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே போட்டு, ஒரே இடத்தில் அளந்து காட்டினார். மாற்றமே இல்லை! ஸ்கேன் எடுக்கும் கோணம் லேசாக நகர்ந்தாலே அந்த அளவு வித்தியாசம் வருமாம், பொதுவாக இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள்.

கதிர்வீச்சு இந்தக் கட்டியைக் கரைத்துவிடாது, வளரவிடாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் வீங்கிக்கூடத் தெரியும், பெரும்பாலும் தானாக வடியும், அதைப் பார்த்து ஆபரேஷனுக்கு ஓடக் கூடாது. இந்தக் கட்டிக்கு 1969-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் தொடங்கிவைத்த சிகிச்சை இது. ஆரம்ப காலத்தில் டோஸ் அதிகம், முகம் கோணிப்போனவர்களும் அதிகம். இப்போது 12, 13 கிரேதான் (கிரே என்பது கதிர்வீச்சு டோஸின் அலகு), பக்கத்திலேயே ஓடும் முக நரம்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டி அடங்கியே இருக்கிறது. புற்றாக மாறுவது மிக மிக அபூர்வம்.

காது வேறு கதை. கட்டி நின்றுவிட்டால் காதும் பிழைத்தது என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. கேட்கும் திறன் மெல்லத் தேய்ந்துகொண்டே போகும், நல்ல செவித்திறனோடு சிகிச்சைக்குப் போனவர்களில் பாதிப் பேராவது பத்து வருடத்தில் அதை இழக்கிறார்கள். என் வலது காதில் போனை வைத்தால் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அதனால் ஆடியோகிராமும் (செவித்திறன் சோதனை) எடுத்துவிடுங்கள், ஸ்கேன் சென்டரில் அதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

ரிப்போர்ட் தாளோடு திருப்திப்படாமல் படங்கள் உள்ள சிடியைக் கேட்டு வாங்கி, அங்கேயே திறந்து பாருங்கள். எனக்கு முதலில் கொடுத்ததில் ரிப்போர்ட் மட்டும்தான் இருந்தது, படம் ஒன்றுகூட இல்லை.